டின்டர்ன் காட்டுப் பாதையும் கரி மூட்டம் போட்டவர்களும்

எங்கள் காலத்தில் கல்லூரியில் ஆங்கிலப் பாடம் படித்தவர்களுக்கு டின்டர்ன் அபே என்ற பெயர் மறந்திருக்காது. வேர்ட்ஸ்வொர்த் 1798-ல் எழுதிய நீளமான கவிதையின் தலைப்பில் வரும் மடாலயம் அது. பேராசிரியர் இரண்டு வாரம் அந்தக் கவிதையை நடத்தினார். இயற்கை, அமைதி, தனிமை என்று நோட்டு நிறைய எழுதிக்கொண்டோம். பரீட்சையிலும் அதையே எழுதி மார்க் வாங்கினோம். தலைப்பைத் தாண்டினால் கவிதைக்குள் மடாலயமே வராது என்பதை அன்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

மகள் பிரிஸ்டல் நகரில் இருப்பதால் நானும் என் மனைவியும் அந்தப் பக்கம் மூன்று முறை போய் வந்திருக்கிறோம். பிரிஸ்டலிலிருந்து டின்டர்ன் அதிக தூரமில்லை. செவர்ன் ஆற்றின் பெரிய பாலத்தைத் தாண்டினால் செப்ஸ்டோ. அங்கிருந்து வை ஆற்றின் கரையோடு வடக்கே போக வேண்டும். (வைகை அல்ல, வெறும் வை.) இந்த ஆறுதான் அங்கே இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எல்லை. இரண்டு பக்கமும் செங்குத்தான சரிவு, சரிவு முழுக்கக் காடு. மடாலயத்தில் தொடங்கி, ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரைக் காட்டில் ஏறி, மலை விளிம்போடு வடக்கே நடந்து, பிராக்வியர் என்ற கிராமத்தில் இறங்கி, பாலத்தைக் கடந்து இந்தக் கரையோடு திரும்பினால் ஒரு வட்டம் முடியும். ஒன்பது, பத்து கிலோமீட்டர் இருக்கலாம். நம்மூர்க்காரர் யாரும் பார்த்த மாத்திரத்தில் கிரிவலம் என்றுதான் சொல்வார்கள். "வழியில ஒரு சுண்டல்கூடக் கிடைக்காத கிரிவலம்" என்றாள் என் மனைவி.

இந்தப் பாதையைப் பற்றி நான் எழுத நினைத்தது அதன் அழகுக்காக அல்ல. அழகைப் பற்றி எழுதியவர்கள் இருநூற்றைம்பது வருடமாக எழுதிவிட்டார்கள். அந்தக் காடு ஏன் இன்னும் அங்கே இருக்கிறது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம். முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அலைந்தவனுக்கு ஒரு நிலத்தைப் பார்த்ததும் இது யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று கேட்கத்தான் தோன்றும்.

முதலில் மடாலயம். 1131-ல் வால்டர் டி கிளேர் என்ற பிரபு சிஸ்டர்சியன் துறவிகளுக்காக நிறுவியது. இன்று கூரையில்லாமல் நிற்கும் பெரிய தேவாலயம் 1269-ல் தொடங்கிக் கட்டப்பட்டது. சிஸ்டர்சியன்கள் உழைப்பை வழிபாட்டின் பகுதியாகக் கொண்டவர்கள். ஊரைவிட்டு ஒதுங்கிய இடமாகப் பார்த்து உட்காருவார்கள். நிலத்தைத் திருத்துவார்கள், ஆடு வளர்ப்பார்கள், கம்பளி விற்பார்கள். 1536-ல் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இதுவும் போயிற்று. சொத்து வூஸ்டர் பிரபுவின் குடும்பத்துக்கு வந்தது. கூரையிலிருந்த ஈயத்தை உரித்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மழை தன் வேலையைப் பார்த்தது.

கவிதை படித்தவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறோம். கூரையில்லாத மடம், ஐவிக் கொடி, அமைதி. ஆனால் மடம் கலைந்து முப்பது வருடம் கழித்து, 1560-களில், இந்தப் பள்ளத்தாக்கில் வேறொரு கூட்டம் வந்து இறங்கியது. வில்லியம் ஹம்ப்ரி என்ற ஆங்கிலேயரும், கிறிஸ்டோபர் ஷுட்ஸ் என்ற ஜெர்மானியரும். பித்தளை செய்யப் பார்த்தார்கள். மடத்துக்கு அருகில் 1568-ல் இங்கே பித்தளை செய்யப்பட்டதாக ஒரு பலகை இன்றும் இருக்கிறது. பித்தளை அவ்வளவாகக் கைகொடுக்காமல் போகவே, இரும்புக் கம்பி இழுக்கத் தொடங்கினார்கள். அது கைகொடுத்தது. அங்கிடி என்ற சிற்றோடை மேற்கிலிருந்து இறங்கி டின்டர்னில் ஆற்றில் கலக்கிறது. அந்த ஓடையில் அடுத்தடுத்து அணை கட்டி, தண்ணீர்ச் சக்கரம் வைத்து, அடுத்த முந்நூறு வருடம் அங்கே இரும்பு உருகியது, சம்மட்டி அடித்தது, கம்பி இழுபட்டது.

கம்பி என்றால் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அன்றைய இங்கிலாந்தின் செல்வம் கம்பளி. ஆட்டு ரோமத்தை நூற்பதற்கு முன் சிக்கெடுக்க வேண்டும். அதற்கான பலகையில் நூற்றுக்கணக்கான சிறு கம்பிப் பற்கள். அதற்கு முன் இந்தக் கம்பி ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. குண்டூசி, தூண்டில் முள், பின்னல் ஊசி எல்லாவற்றுக்கும் கம்பி வேண்டும். நம்மூர்ப் பத்தர் வெள்ளிக் கம்பியைத் துளைப்பலகையில் விட்டு இழுத்து இழுத்து மெல்லியதாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். ஆள் பலத்துக்குப் பதில் தண்ணீர்ச் சக்கரம், வெள்ளிக்குப் பதில் இரும்பு.

இரும்பை உருக்க அன்று நிலக்கரி உதவாது. அதிலுள்ள கந்தகம் இரும்பைக் கெடுத்துவிடும். மரக்கரிதான் வேண்டும். மரக்கரியைத் தொலைவிலிருந்து வண்டியில் கொண்டுவந்தால் குலுங்கி நொறுங்கித் தூளாகிவிடும். ஆகவே உலைக்குப் பக்கத்திலேயே காடு வேண்டும். ஒரு முறை வெட்டித் தீர்த்துவிட்டால் அடுத்த வருடம் உலை எரியாது. எனவே வெட்டவும் வேண்டும், தீரவும் கூடாது.

இதற்கு அவர்கள் செய்தது நம் விவசாயிகளுக்கு நன்றாகப் புரியும். கரும்பை வெட்டியபின் அடிக்கட்டையை விட்டு மறுதாம்பு எடுப்பதில்லையா, அதே உபாயம். ஓக், ஆஷ், ஹேசல், லைம் (நம்முடைய எலுமிச்சை அல்ல, இது வேறு மரம்) எல்லாமே வெட்டினால் கட்டையிலிருந்து துளிர்க்கும் சாதி. நம்மூர் தைலமரம் துளிர்க்கும், சவுக்கு துளிர்க்காது, அந்த வித்தியாசம்தான். தரையை ஒட்டி வெட்டிவிடுவார்கள். ஒரு கட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிளை கிளம்பும். பதினைந்து, இருபது வருடத்தில் கை கனத்துக்கு வந்ததும் மறுபடி வெட்டு. காட்டைக் கூறுகூறாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு கூறு. வெட்டிய கூறில் ஆடுமாடு நுழைந்து துளிரை மேயாமலிருக்க மண் வரப்பு. அந்த வரப்புகள் இன்னும் காட்டுக்குள் தெரிகின்றன. மடாலயத்தைவிட எனக்கு அவற்றைப் பார்த்ததில்தான் மகிழ்ச்சி. ஓர் அளவையாளனுக்கு வரப்புதான் கல்வெட்டு.

சரிவில் ஏறும்போது நடுவில் நாலைந்து மீட்டர் அகலத்தில் சமதளமாகத் திட்டுத் திட்டாக வரும். சுற்றுலா வருகிறவர்கள் மூச்சு வாங்க அதில் நிற்கிறார்கள். அவை கரி மூட்டம் போட்ட இடங்கள். செருப்பு நுனியால் இலைச்சருகை விலக்கினால் மண் கறுப்பாக இருக்கிறது. ராமநாதபுரம் பக்கம் வேலிக்கருவையை அடுக்கி மூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விறகை அடுக்கி, மேலே புல்லும் மண்ணும் அப்பி, உள்ளே நெருப்பு வைத்து, நாட்கணக்கில் புகையவிட வேண்டும். எங்காவது மண் விரிந்து காற்று புகுந்தால் கரிக்குப் பதில் சாம்பல்தான் மிஞ்சும். இரவு பகல் தூங்காமல் காவல் இருக்க வேண்டும். கரி சுடுகிறவர்கள் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டுக் குடும்பத்தோடு இருந்தார்கள். வசந்தத்தில் ஓக் மரப்பட்டை உரிக்கும் வேலை வேறு. பெண்களும் குழந்தைகளும் அதைச் செய்தார்கள். தோல் பதனிட அந்தப் பட்டை செப்ஸ்டோ துறையிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலேறியது. நம்மூர்த் தோல் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை போனதுபோல.

இப்போது அழகைத் தேடி வந்தவர்களிடம் வருகிறேன்.

ராஸ் என்ற ஊரின் பாதிரியாராக இருந்த ஜான் எகர்ட்டன் 1745 வாக்கில் தன் விருந்தினர்களைப் படகில் ஏற்றி இந்த ஆற்றில் உலா அழைத்துப் போக ஆரம்பித்தார். 1770-ல் வில்லியம் கில்பின் என்ற இன்னொரு பாதிரியார் அப்படிப் பயணம் செய்து, 1782-ல் அதைப் புத்தகமாக்கினார். ஒரு காட்சியை ஓவியம்போல எப்படிப் பார்ப்பது என்று பாடம் சொல்லும் புத்தகம். அது வந்த பிறகு வை உலா பெரிய நாகரிகமாகிவிட்டது. இளம் ஓவியர் டர்னர் 1790-களில் வந்து மடத்தை வரைந்தார். வேர்ட்ஸ்வொர்த் 1793-ல் ஒரு முறை, 1798-ல் தங்கை டோரத்தியுடன் ஒரு முறை வந்தார்.

கில்பினுக்கு மடத்தின் முகப்புச் சுவர்கள் ஒழுங்காக முக்கோணமாக நிற்பது பிடிக்கவில்லை. யாராவது பக்குவமாகச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் தேவலை என்று எழுதியிருக்கிறார். கரி மூட்டப் புகை அவருக்குப் பிடித்திருந்தது. மலைச்சரிவின் கடுமையை அது மெல்லிய திரைபோல மறைக்கிறதாம். அந்தப் புகைக்குக் கீழே கண் எரிய உட்கார்ந்திருந்தவனைக் கேட்டிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பான்.

ஆனால் கில்பினை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மடத்தின் இடிபாடுகளுக்குள்ளும் சுற்றிலும் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகளை அவர் பார்த்திருக்கிறார், எழுதியும் இருக்கிறார். ஒரு கிழவி, கைகால் நடுக்கம், இரண்டு தடிகளை ஊன்றித்தான் நகர முடியும். துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று முன்னே போகிறாள். கில்பின் பின்னால் போகிறார். இரண்டு பாழ்சுவர்களுக்கு நடுவே ஈரம் சொட்டும் ஒரு பொந்து. அங்கே புத்தகமும் இல்லை, அலமாரியும் இல்லை. அது அவள் குடியிருக்கும் இடம். அவள் சொல்ல வந்தது தன் கதையை மட்டும்தான் என்று முடிக்கிறார். அவள் பெயரை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. இருபது வருடத்துக்கும் மேல் கழித்து வந்த கவிஞர்களும் ஓவியர்களும் நின்ற தரையும் அதேதான். நம் வகுப்பில் அந்தக் கிழவி வரவில்லை.

மேற்கொண்டு நடப்போம். மடத்திலிருந்து கொஞ்சம் வடக்கே ஆற்றின் குறுக்கே ஓர் இரும்புப் பாலம். 1876-ல் வை பள்ளத்தாக்கு ரயில் திறந்தபோது, கம்பித் தொழிற்சாலைக்கு ஒரு கிளைப் பாதை வேண்டும் என்று போடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், ரயில் வருவதற்குள் கம்பித் தொழில் நொடித்துவிட்டது. நிலக்கரியில் இரும்பு காய்ச்சும் வித்தை வந்த பின் காட்டுக்கு நடுவே உலை வைக்க வேண்டிய அவசியம் போய்விட்டதே. இன்று அந்தப் பாலத்தில் எங்களைப் போன்ற கால்நடைக்காரர்கள் மட்டும்.

பாலத்தைத் தாண்டிக் காட்டில் ஏறினால் மலை விளிம்பில் ஆஃபா மன்னனின் கரை வருகிறது. எட்டாம் நூற்றாண்டில் மெர்சியா நாட்டை ஆண்ட ஆஃபா எழுப்பிய நீண்ட மண்கரையும் பள்ளமும். இந்த இடத்தில் அது ஆற்றங்கரையில் இல்லை, மலை உச்சியில் மேற்கே வேல்ஸைப் பார்த்தபடி போகிறது. இன்றைய எல்லை கீழே ஆற்றில், பழைய வரப்பு மேலே. ஒரே எல்லைக்கு இரண்டு கோடு இருந்தால் எங்கள் ஆபீசில் பத்து வருடம் கேஸ் நடந்திருக்கும். அந்தக் கரையின் மேலேயே 1971-ல் 285 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைத் திறந்தார்கள். நம் வட்டப் பாதை அதில் ஒரு துண்டைக் கடன் வாங்கிக்கொள்கிறது.

அங்கே சாத்தானின் பிரசங்க மேடை என்றொரு சுண்ணாம்புப் பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் நின்று சாத்தான் கீழே இருந்த துறவிகளைக் கூவி அழைத்தான், அவர்கள் மயங்கவில்லை என்பது ஊர்க்கதை. அங்கிருந்து பார்த்தால் மரங்களின் இடைவெளியில் மடம் ஒரு விளையாட்டுச் சாமான்போல் தெரிகிறது.

காட்டில் ஒன்றைக் கவனித்தேன். ஒரே அடியிலிருந்து நாலைந்து பெரிய மரங்கள் கொத்தாகக் கிளம்பி நிற்கின்றன. கடைசியாக வெட்டி, பிறகு வெட்ட ஆளில்லாமல் விட்ட மறுதாம்பு. வெட்டு நின்றதால் கிளைகள் மேலே கூடி, தரையில் வெளிச்சம் விழுவது குறைந்துவிட்டது. வெளிச்சம் குறைந்தால் தரையில் பூக்கும் செடிகள் குறைகின்றன, அவற்றை நம்பிய சிறு பிராணிகளும் குறைகின்றன. அதனால் சில இடங்களில் இப்போது வேண்டுமென்றே மறுபடி வெட்டுகிறார்கள். காட்டைக் காப்பாற்றக் கோடரியா என்று கேட்கத் தோன்றும். அங்கே அதுதான் நடைமுறை. போதாக்குறைக்கு ஆஷ் மரங்களைப் பூஞ்சை நோய் ஒன்று இந்தப் பத்துப் பதினைந்து வருடமாகக் கொன்றுகொண்டிருக்கிறது. பாதையோரம் மொட்டையாக நிற்பவை பெரும்பாலும் அவைதான்.

நம் கடற்கரையிலும் மரக்கரி இரும்பு காய்ச்சியிருக்கிறோம் என்பது இந்தக் காட்டில் நிற்கும்போது நினைவுக்கு வந்தது. பரங்கிப்பேட்டையில் 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் தொடங்கிய இரும்பு ஆலை. சேலத்துத் தாது, தென்னார்க்காடு, சேலம் காடுகளின் கரி. அந்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்கே போனது, ஷெஃபீல்டில் எஃகானது. ஆனால் இங்கே கூறு பிரித்து வெட்டி வளர்த்த ஏற்பாடு இல்லை. அருகில் இருந்த காடு தீர்ந்ததும் கரிக்காக மேலும் மேலும் தூரம் போக வேண்டியதாயிற்று. முப்பது, முப்பத்தைந்து வருடத்தில் ஆலை மூடியதற்குக் கரிப் பஞ்சம் ஒரு முக்கியக் காரணம். ஒரே காலத்து ஆங்கிலேயர்கள், ஒரே தொழில். தன் ஊர்க் காட்டில் முந்நூறு வருடம் அடங்கி நடந்த கோடரிக்கு நம் காட்டில் வரப்பே இல்லாமல் போயிற்று.

கடைசி இறக்கத்தில் பிராக்வியர். இன்று கல் வீடுகளும் ரோஜாச் செடிகளுமாக இருக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் துறைமுகம். கடலின் ஏற்றவற்றம் இதுவரைக்கும் வரும். அதற்கு மேல் பெரிய படகு போகாது. இங்கே சரக்கை இறக்கித் தட்டையான படகுகளில் ஏற்றுவார்கள். அந்தப் படகுகளை ஆட்கள் தோளில் கயிறு மாட்டிக் கரையோடு இழுத்துப் போவார்கள். மாடு செய்யும் வேலையை மனிதன் செய்த இடம். குடியும் சண்டையும் மலிந்த ஊர் என்று அக்கம்பக்கத்தில் பெயர். மாதா கோயில்கூட இல்லை. 1830-களின் தொடக்கத்தில் மொரேவியன் சகோதரர்கள் என்ற சிறு கிறிஸ்தவ சபையார் வந்து ஒரு ஆலயம் கட்டினார்கள். அது இன்னும் ஆற்றங்கரையில் சின்னதாக, சுத்தமாக நிற்கிறது.

மொரேவியன் என்ற பெயரைப் பலகையில் வாசித்ததும் நான் நின்றுவிட்டேன். மாப்பிள்ளை, "என்ன மாமா, கால் வலியா?" என்றார். இல்லை, இவர்கள் நம்மூருக்கு வந்தவர்கள் என்றேன். 1760-ல் இதே சபையார் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். டேனிஷ்காரர்கள் அவர்களை நிக்கோபார் தீவுகளுக்கு அனுப்பத்தான் அழைத்திருந்தார்கள். சீகன்பால்கு வழிவந்த பழைய மிஷனாருக்கு இவர்கள் வருகை பிடிக்கவில்லை. ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, சகோதரர் தோட்டம் என்று பெயர் வைத்து, தச்சு, செருப்பு என்று கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். நிக்கோபாருக்குப் போனவர்களில் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். நாற்பது வருடத்துக்குச் சற்று மேல் தாக்குப்பிடித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தோட்டம் எங்கே என்று இன்று தரங்கம்பாடியில் கேட்டால் சொல்பவர்கள் குறைவு. அதே சபையின் கதவை, படகு இழுத்த கூலிகளின் ஊரில், காட்டுப் பாதை முடியும் இடத்தில் தொட்டுப் பார்த்தேன்.

பிராக்வியர் பாலம் 1906-ல் வந்தது. அதற்கு முன் பரிசல்தான், அதாவது படகுத்துறை. பாலத்தைக் கடந்து தெற்கே திரும்பினால் பழைய டின்டர்ன் ரயில் நிலையம். 1959 ஜனவரியோடு பயணிகள் ரயில் நின்றுவிட்டது. நிலையத்தை இப்போது தேநீர்க் கடையாக வைத்திருக்கிறார்கள், தேநீர் சுமார்தான். அங்கிருந்து ஆற்றோரமாக டின்டர்ன் பார்வா, அங்கிடி ஓடை வந்து கலக்கும் இடம், மடம். இதே ரயில்பாதையின் தெற்குப் பகுதியில் டிடென்ஹாம் என்ற நீளமான குகைப்பாதையை 2021-ல் நடப்பவர்களுக்குத் திறந்தார்கள். குளிர்காலத்தில் அதைப் பூட்டிவிடுவார்கள், வௌவால்கள் தூங்குவதற்காக.

நம்மவர்கள் யாராவது பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போனால் ஏப்ரல் கடைசியில் அல்லது மே முதல் வாரத்தில் நடக்கலாம். தரையெல்லாம் நீலப் பூ. செப்ஸ்டோவிலிருந்து 69-ஆம் எண் பேருந்து மடத்து வாசலில் நிற்கும், ஆனால் நாளைக்குச் சில நடைதான், நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஏற்றத்தில் ஈரக்கல் வழுக்கும், ஒரு கைத்தடி இருக்கட்டும்.